காலையில் வைத்த ஜரிகைக் கண்டு

குழித்தறியின் குழிக்குள் காலைத் தொங்கவிட்டால் முதலில் வருவது குளிர்தான். பங்குனி வெயிலில் பிள்ளையார்பாளையத்துத் தெரு தகித்துக்கொண்டிருக்கும்போதுகூட அந்தக் குழிக்குள் மண் ஈரமாக, தண்ணீர்ப் பானையின் உட்பக்கம்போல இருக்கும். விளிம்பில் உட்கார்ந்து கால் மணி நேரம் ஆட்டாமல் வைத்திருந்தால் விரல்களில் தொடங்கி முழங்கால் வரை மரத்துப்போகும். அதன் பிறகு கிள்ளினாலும் அது யாருடைய காலோ என்றிருக்கும். ஏழு வயதிலிருந்து பத்து வயது வரை, பள்ளிக்கூடம் போன நேரம் போக மீதி நேரமெல்லாம் என் இடம் அந்த விளிம்புதான்.

இப்போது நான் இங்கிலாந்தின் வடக்கே, மழையும் பஞ்சாலைகளும் மட்டுமே இருக்கிற ஓர் ஊரில், மனம் ஒடிந்து வருகிறவர்களோடு பேசியே வைத்தியம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். வெள்ளைக்காரர்களும் வருவார்கள், பஞ்சாபிகள், குஜராத்திகள், கரீபியத் தீவுக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். “பேசறதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?” என்று காஞ்சிபுரத்தில் எங்கள் எதிர்வீட்டு ரமணம்மா அக்கா, நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்பாள். பேசுவதற்கில்லை அக்கா, கேட்பதற்கு என்று சொன்னால் இன்னும் அதிகமாகச் சிரிப்பாள். இந்த வேலைக்கு எப்படி வந்தாய் என்று என்னோடு படித்தவர்கள் கேட்கும்போது நான் சட்டென்று, மொழிகள் பிடிக்கும், மனிதர்கள் பிடிக்கும் என்று ஒப்பித்துவிடுவேன். எனக்கு எதிலும் அவசரம், பதில் சொல்வதிலும்தான். ஆனால் அது பதில் இல்லை. பதில் அந்தக் குழியின் விளிம்பில் இருக்கிறது.

காஞ்சிபுரத்துச் சேலையில் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக இருந்தால் அதை ஒருவரால் சுலபமாக நெய்ய முடியாது. உடலுக்கு ஒரு “நாடா”, கரைக்கு வேறு நாடா. நாடா என்றால் ஊடை இழையைச் சுமந்துகொண்டு குறுக்கே ஓடும் ஓடம். உடல் இழையும் கரை இழையும் சந்திக்கிற இடத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர் “கோர்வை”. நெய்பவர் ஒரு பக்கம், கரை போடுபவர் அவருக்கு வலப்பக்கம், தோளோடு தோள் உரச உட்கார்ந்துதான் இதைச் செய்ய முடியும். எங்கள் வீட்டில் நெய்பவர் அப்பா, கரை போடுபவர் அவருடைய தம்பி, என் சித்தப்பா ஏகாம்பரம். மற்ற வீடுகளில் கோர்வைத் தறி என்றால் பேச்சும் கிண்டலும் அரசியலும் தெருவரைக்கும் கேட்கும். எங்கள் வீட்டில் தறிச்சத்தம் மட்டும் கேட்கும். அவர்கள் இருவருக்கும் “பேச்சு இல்லை”.

காரணம் ஊருக்கே தெரியும். என் அண்ணன் முருகேசுவுக்கு அப்போது பதினோரு வயது. வாலாஜாபாத்தில் மாமா கல்யாணம். அண்ணனுக்கு லேசாகக் காய்ச்சல் என்பதால் அவனைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம். தறியில் ஒரு முகூர்த்தச் சேலை. கடைசி ஒரு முழம்தான் பாக்கி, தனி ஆளாகத் தட்டுத்தடுமாறி முடித்துவிடலாம். மறுநாள் காலையில் பெண் வீட்டார் வந்து நிற்பார்கள். வாசற்படி இறங்கும்போது அப்பா திரும்பிச் சித்தப்பாவிடம் சொன்னார்: “ஏகாம்பரம், அறுக்காம எழுந்திருக்காதே.” சேலையை முடித்துத் தறியிலிருந்து வெட்டி எடுக்கும்வரை இடத்தை விட்டு அசையாதே என்று அர்த்தம். அப்போது நான் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் காய்ச்சல் ஏறியிருக்கிறது. சித்தப்பா ஈரத்துணி போட்டுவிட்டு மறுபடி தறியில் உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் சேலையை அறுத்த கையோடு அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். காலையிலேயே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார்களாம். நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டின் முன் தெருக்காரர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். பெண் வீட்டாரும் அந்தக் கூட்டத்தில், சேலையை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நின்றார்கள். அம்மாதான் உள்ளே போய் மடித்து எடுத்துவந்து கொடுத்தாள். சேலை நன்றாக வந்திருந்தது.

அப்பா சித்தப்பாவைத் திட்டவில்லை, வீட்டை விட்டுப் போகச் சொல்லவுமில்லை. பேச்சை மட்டும் நிறுத்தினார். பதினாறாம் நாள் கழிந்து இருவரும் தறியில் உட்கார்ந்தபோது, “காமு, உங்க சித்தப்பாவை உக்காரச் சொல்லு” என்றார். அன்றுதான் எனக்கு வேலை கிடைத்தது.

இந்த வேலை நம் வீடுகளில் புதிதல்ல. சண்டை போட்ட மாமியாரும் மருமகளும் குழந்தையை நடுவில் வைத்துக்கொண்டு பேசுவார்கள். குழந்தை இல்லாவிட்டால் பசுமாட்டிடம் சொல்வார்கள். அதில் ஒரு விதி உண்டு. பக்கத்தில் இருப்பவர் காதில் விழுந்தாலும் விழாத மாதிரி இருக்க வேண்டும், நடுவில் இருக்கும் ஆள் எடுத்துச் சொன்ன பிறகுதான் பதில் வரும். நான் இரண்டே மாதத்தில் அதில் தேர்ந்துவிட்டேன்.

“காமு, இழையைத் தளர்த்திப் புடிக்கச் சொல்லு.”

“சித்தப்பா, தளர்த்திப் புடிக்கணுமாம்.”

“தளர்த்திதான் இருக்குதுன்னு சொல்லும்மா.”

“தளர்த்திதான் இருக்குதாம்ப்பா.”

“கண்ணு இன்னா பொட்டையான்னு கேளு.”

“சித்தப்பா, கண்ணு வலிக்குதான்னு அப்பா கேக்கறாரு.”

அப்பா சொன்னது ஒரு முழ தூரத்தில் இருந்த சித்தப்பாவின் காதில் முழுசாக விழுந்திருக்கும். ஆனாலும் அவர் என்னைப் பார்த்து, வாய் ஓரத்தில் ஒரு சிரிப்போடு, “இல்லன்னு சொல்லும்மா, நல்லாத்தான் தெரியுது” என்பார். அப்பாவும் நான் மாற்றியதைத் திருத்த மாட்டார். ஆக, வீட்டில் நடந்த பேச்சு என்பது அவர்கள் சொன்னது அல்ல, நான் சொன்னதுதான் என்று ஆகிவிட்டது. நான் சொல்லாதது சொல்லப்படாதது. ஏழு வயதுப் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய பதவி!

ரமணம்மா அக்கா வாசலில் நின்று, “மா அத்தக்கி கூடா செப்பவே, காமு” என்று தெலுங்கில் கூப்பிடுவாள்; எங்கள் மாமியாரிடமும் வந்து சொல்லேன் என்று. “உன் வாய்ல பூந்து வந்தா வசவு கூட வெல்லமாய்டுது. எங்க வீட்டுக்கும் வாயேன், முறுக்கு தரேன்.” நான் போயிருக்கிறேன், முறுக்கும் வாங்கியிருக்கிறேன். அம்மாவுக்கு மட்டும் இது பிடிக்காது. நூல் இழைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொல்வாள்: “சொன்னதைச் சொல்லு. இல்லாததைச் சேக்காதே. நாளைக்கு ஒருத்தர் உன்னை வந்து கேப்பாங்க.”

முருகேசு என்ற பெயரை வீட்டில் யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லக் கூடாது என்று சொல்லவுமில்லை. நான் அழுததாகவும் ஞாபகம் இல்லை. குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு பேருக்கும் நடுவில் வார்த்தைகளை வாங்கி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

என் வழியாகப் போகாத செய்தி ஒன்றே ஒன்று இருந்தது. ஜரிகை விலை உயர்ந்த சரக்கு. பெட்டி பூட்டியிருக்கும், சாவி அப்பாவின் அரைஞாணில். தினமும் காலையில் அப்பா அன்றைக்குப் போதுமான ஜரிகைக் கண்டு ஒன்றை எடுத்துச் சித்தப்பாவின் முட்டிக்குப் பக்கத்தில், தறிப்பலகைமேல் வைப்பார். சொல்ல மாட்டார், வைப்பார். சித்தப்பா எடுத்துக்கொள்வார். பொழுது சாயும்வரை அது போதும்.

அந்த ஆடி மாதத்து நாள் எனக்குப் பத்து வயது. பாவு இழைகளைத் தூக்கிக் கொடுக்கும் விழுதுக் கயிறுகளில் அறுந்தவற்றை முடிந்துகொண்டு அப்பா முன்கூடத்தில் இருந்தார். பின்கட்டில் தறியில் சித்தப்பா மட்டும், கையில் வேலை இல்லாமல், பலகையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“காமு, இங்க வாம்மா. அண்ணங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஒழுங்கா சொல்லுவியா?”

“சொல்லுவேன்.”

“முருகேசு விஷயத்துல தப்பு என்னுதுதான்னு சொல்லு. அவரு சொன்னாரேன்னு உக்காந்துக்கினு இருந்துட்டேன். எழுந்திருக்கணும்னு எனக்கில்ல தோணியிருக்கணும்? தோணல. இந்த மூணு வருஷமா அவரு தோள் என்மேல பட்டுக்கினே இருக்குது, ஆனா அவரு எங்கயோ இருக்காரு. ஒரே ஒரு தடவ என்னை ஏகாம்பரம்னு கூப்பிடச் சொல்லு. திட்றதுக்காவது கூப்பிடச் சொல்லு. இல்லன்னா நான் இங்க இருக்க மாட்டேம்மா.”

பின்கட்டிலிருந்து முன்கூடத்துக்கு ஒரு சின்ன நடை. நான் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன், ஒரு சொல்லும் குறையாமல் எனக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடத்தில் நான்தான் முதல். அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னாவாம்?”

முருகேசு என்பது முதல் சொல். அது வாய்க்குள் வந்து நின்றது. அதைச் சொன்னால் அப்பாவின் முகம் என்ன ஆகும் என்று நான் பார்க்க விரும்பவில்லை. மாற்றிச் சொல்வது எனக்குப் பழகிய வேலை. இழையை மாற்றுவதுபோல, யோசிக்காமலே மாற்றிவிட்டேன்.

“ஜரிகை வேணுமாம்ப்பா.”

“ஜரிகையா?”

“ஆமா.”

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து பெட்டியைத் திறந்து, புதுக் கண்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். “இந்தா. குடு.”

சித்தப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதான் குடுத்தாரா?”

“ம்.”

“வேற ஒண்ணும் சொல்லல?”

“இல்ல.”

சித்தப்பாவிடம் நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் இன்றுவரை எனக்கு வியப்பு.

மூன்றாம் நாள் சித்தப்பா ஒரு பையை எடுத்துக்கொண்டு, “வரேன் அண்ணி” என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு ஆரணி பஸ் ஏறிப் போய்விட்டார். அங்கே பட்டுத்தறி வேலை கிடைக்கும். தறிப்பலகைமேல் இரண்டு கண்டுகள் இருந்தன, ஒன்று பாதி, ஒன்று பிரிக்காதது. அப்பா இரண்டையும் எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதன் பிறகு அவர் கோர்வைச் சேலை நெய்யவில்லை. உடலும் கரையும் ஒரே நிறமான, ஒற்றை ஆள் சேலைதான்.

எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், ஒன்றும் தோன்றவில்லை என்றுதான் எழுத வேண்டும். நான் படித்தேன். வேகமாக, வெறியாகப் படித்தேன். தெலுங்கு, ஆங்கிலம், எதிர்ப்பட்ட எந்த மொழியையும் பிடித்துக்கொண்டேன். சென்னையில் உளவியல் எம்.ஏ., அங்கிருந்து உதவித்தொகையில் இங்கிலாந்து. எனக்குப் பயிற்சி கொடுத்த ஸ்காட்லாந்துக்காரப் பெரியவர், எவ்வளவு பயங்கரமான கதையைக் கேட்டாலும் உன் முகம் மாறுவதில்லை, இந்தத் தொழிலுக்கு அது நல்லது என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அன்று மாலை கடையில் ஒரு நல்ல பேனா வாங்கினேன்.

அங்கே கற்றுக்கொடுத்த முதல் பாடம், உங்களுக்கு இப்போது மனதில் என்ன இருக்கிறது என்று நேருக்கு நேர் கேட்பது. வெள்ளைக்காரர்களிடம் அது பலித்தது. நம்மவர்களிடம் கேட்டால் தலைவலி என்பார்கள், நெஞ்சை அடைக்கிறது, கை கால் ஓய்ந்து வருகிறது என்பார்கள்; மருமகனைப் பற்றிச் சொல்ல வேண்டியதை முட்டிவலியில் வைத்துச் சொல்வார்கள். எனக்கு அது உடனே புரிந்தது, புரிந்ததில் கர்வமும் வந்தது. இரண்டு கரைக்கும் நடுவில் நான்தான் சரியான ஆள் என்று நினைத்தேன்.

போன மார்கழியில் ஒரு குடும்பம் வந்தது. அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்கு அவர்கள் பாஷை தெரியாது. மொழி பெயர்க்க ஒன்பது வயது மகளைக் கூட்டிவந்திருந்தார்கள். அதுதான் அங்கே வழக்கம், எல்லா இடத்திலும் பிள்ளைகள்தான். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு விடாமல், ரொம்ப நேரம் பேசினார். பேசி முடித்ததும் சிறுமி என் மேஜையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அம்மாவுக்குத் தூக்கம் வரலையாம்.”

அவள் கால்கள் நாற்காலியிலிருந்து தரையில் எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தன. ஆடவே இல்லை.

உனக்குப் பசிக்கிறதா என்று மட்டும் கேட்டு, பக்கத்து அறையில் டீ போடுகிற அம்மையாரிடம் அவளை அனுப்பினேன். அடுத்த வாரம் வயது வந்த ஒரு பெண்மணியை மொழிபெயர்க்க ஏற்பாடு செய்தேன். அந்தத் தாய் சொல்லியிருந்தது தூக்கத்தைப் பற்றியே அல்ல. அது வெளியே சொல்லத் தக்கதுமல்ல. அந்தக் குழந்தை அதைத் தன் வாயில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் நடந்தாளோ. அன்று மாலையே தை மாதத்துக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்தேன்.

அப்பா தறியில்தான் இருந்தார். நான் பழைய விளிம்பில் உட்கார்ந்து, இடையில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று, ஒரே மூச்சில் சொன்னேன். முருகேசு என்றும் சொன்னேன். சித்தப்பா சொல்லி அனுப்பியது பதினேழு வருடம் கழித்தும் ஒரு சொல் பிசகாமல் வந்தது. அப்பா நாடாவை நிறுத்தவில்லை. இரண்டு இழை போட்டார்.

“அவன் ஜரிகை கேக்கலன்னு எனக்கு அப்பவே தெரியும்மா,” என்றார். “காலையில வெச்ச கண்டு பாதிகூட ஆவல.”

“அப்புறம் ஏம்ப்பா குடுத்தீங்க?”

இன்னும் ஒரு இழை.

“குடுக்கலன்னா நீ நெசமான சேதியச் சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன்.” பலகையைத் துடைத்தார், துடைக்க ஒன்றுமில்லாமல். “அறுக்காம எழுந்திருக்காதேன்னு சொன்னது நான். அவன் எம்பேச்சைக் கேட்டான். எம்பேச்சைக் கேட்டவங்கிட்ட நான் இன்னா பேசறது?”

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அப்பா, “நீ ஒரு நட ஆரணி போய், இப்படின்னு அவங்கிட்ட சொல்லிட்டு வாயேன்” என்றார்.

“இல்லப்பா. நான் கூட வரேன். சொல்றது நீங்கதான்.”

“படிச்சிட்டா வாய் நீளுது பாரு,” என்றார். ஆனால் மறுநாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

ஆரணியில் சித்தப்பாவின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தறியில் இருந்தார், பின்தலை நரைத்திருந்தது. அப்பா வாசற்படியில் நின்றார். பழக்கதோஷம், என்னைப் பார்த்தார். நான் எதிரே சைக்கிளில் கட்டியிருந்த பால் கேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தறி ஓடிக்கொண்டே இருந்தது. இந்தப் பேச்சில்லா நேரத்தைத் தாங்குவதுதான் என் தொழிலில் கடினமான பாகம்; காசு வாங்கிக்கொண்டு தாங்கியிருக்கிறேன், அன்று தாங்க முடியவில்லை. வாயைத் திறக்கப் போனேன்.

“ஏகாம்பரம்,” என்றார் அப்பா.

நாடா பாதியில் நின்றது. இழையை முடிக்காமல் ஒரு நெசவாளி தறியை விட்டு எழுந்ததை என் வாழ்க்கையில் அப்போதுதான் பார்த்தேன்.

பிறகு அவர்கள் பேசியதெல்லாம் பஸ் கூட்டத்தைப் பற்றி, ஆரணியில் சித்தப்பா கட்டிக்கொண்ட சித்தி போட்ட காபியில் சர்க்கரை தூக்கல் என்பதைப் பற்றி. “நீ இளைச்சிட்டே.” “நீங்க மட்டும் இன்னா, பயில்வானா?” அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. கிளம்பும்போது சித்தப்பா என்னைப் பார்த்து, “காமு, ஒழுங்கா சொல்லிட்டே போலருக்குதே, கொஞ்சம் லேட்டு” என்றார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் நெகிழ்ந்திருக்க வேண்டிய நேரம் அது. நான் பஸ் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு செய்யாறு வரை ஒன்றும் நினைக்காமல் வந்தேன்.

இப்போது மறுபடி இந்த மழை ஊரில் இருக்கிறேன். என் அறையில் குழந்தைகள் மொழி பெயர்க்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அதற்காகச் சிலர் முணுமுணுக்கிறார்கள். எங்கள் வீட்டுக் குழியில் வலப்பக்கத்து இடம் காலியாகவே இருக்கிறது. விளிம்பில் உட்காரவும் யாரும் இல்லை. “காமு, அவங்கிட்ட சொல்லு” என்ற குரல் அந்த வீட்டை விட்டுப் போய்விட்டது. போன வாரம் அப்பாவின் கடிதம் வந்தது. மழை, அம்மாவின் பல்வலி, ரமணம்மா அக்காவுக்குப் பேத்தி பிறந்தது எல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில், ஏகாம்பரம் கடுதாசி போட்டிருந்தான், நானும் பதில் போட்டேன் என்று எழுதியிருந்தார்.

அவர் என்ன எழுதியிருந்தார், இவர் என்ன பதில் போட்டார் என்று அதில் இல்லை. நானும் கேட்டு எழுதவில்லை.